வெயிலில் நிறுத்திப் பார்த்த கண்

திருமங்கலத்துச் சந்தைக்கு மாடு வாங்க வருகிறவர்கள் உள்ளே நுழைந்ததும் "தவசி வந்துட்டாரா?" என்றுதான் கேட்பார்கள். அவர் பார்த்துச் சரி என்று சொன்ன மாட்டுக்கு மறுபேச்சு இல்லை. தவசிக்கு அப்போது நாற்பது வயது நிரம்பவில்லை. தரகுத் தொழில் அப்பன் விட்டுப்போனது. ஆனாலும் அப்பனைவிட மகன் கெட்டிக்காரன் என்று மேற்கே உசிலம்பட்டி வரைக்கும் பேச்சு இருந்தது.

பல்லைப் பிடித்து வயது பார்ப்பதும், சுழி பார்ப்பதும், நடக்கவிட்டுக் குளம்பு பார்ப்பதும் எந்தத் தரகரும் செய்கிற காரியம். தவசி இதற்கெல்லாம் மேலே ஒன்று செய்வார். மாட்டை மரத்தடியிலிருந்து இழுத்து வந்து சூரியனுக்கு எதிரே நிறுத்துவார். ஒரு கண்ணை உள்ளங்கையால் மூடிச் சட்டென்று எடுப்பார். வெயில் பட்டதும் கண்மணி சுருங்க வேண்டும். சுருங்காமல் முழித்துக்கொண்டிருந்தால் அந்தக் கண் வெறும் அலங்காரம்தான். கண்ணுக்குப் பளபளப்பு வர வேண்டும் என்று ஊமத்தைச் சாற்றைப் பிழிந்துவிட்டு மாடு ஓட்டி வருகிற வியாபாரிகளும் உண்டு. சாறு பட்ட கண்ணில் கண்மணி கரேலென்று விரிந்து, கிழட்டு மாடுகூடக் கன்றுக்குட்டி மாதிரி பார்க்கும். தவசியின் வெயிலில் அந்த வேஷம் நிற்காது.

சந்தைக்கு ஒரு வழக்கமும் இருந்தது. விற்கிறவனும் வாங்குகிறவனும் கையோடு கை சேர்த்து, மேலே துண்டைப் போட்டு மூடி, விரலைப் பிடித்து விலை பேசுவார்கள். துண்டு விழுவதற்கு முன்னால் மாட்டின் குறையைச் சொல்லிவிட்டால், பிறகு அதைக் காட்டி மாட்டைத் திருப்பக் கூடாது. மறைத்து விற்றது தெரிந்தால் மாடு திரும்பி வரும். விற்றவன் பெயரும் அதோடு கெட்டுப்போகும்.

ஈசுவர வருஷம், அதாவது ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பத்தேழாம் ஆண்டு, ஆனி மாதக் காற்று புழுதியை வாரி இறைத்துக்கொண்டிருந்த சமயத்தில் ஊர் முழுக்கக் கண்வலி வந்தது. வீட்டுக்கு இரண்டு பேர் கண் சிவந்து, பீளை தள்ளி, வேப்பங்கொழுந்தைத் தலைமாட்டில் வைத்துக்கொண்டு படுத்திருந்தார்கள். நாலைந்து நாளில் எழுந்து வேலைக்குப் போனார்கள். தவசிக்கு வலது கண் சிவந்தபோதும் இதுதான் என்று எல்லோரும் நினைத்தார்கள். தவசியும் அப்படியே நினைத்தார்.

எதிர்வீட்டுக் கைக்குழந்தைக்காரியிடம் கேட்டு வாங்கிய தாய்ப்பால் விட்டாயிற்று. நந்தியாவட்டைப் பூவை ஒற்றியாயிற்று. ஒரு நாள் பொறுக்கமாட்டாமல், மாட்டுக் கண்ணில் நீர் வடிந்தால் செய்கிற வைத்தியத்தையே தனக்கும் செய்துகொண்டார். உப்புக்கல்லை வெற்றிலையோடு மென்று, அந்தச் சாற்றை விரலால் தொட்டுக் கண்ணில் இழுத்துக்கொண்டார். அன்றைக்குச் சாயங்காலம் வரை தூணைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

"மாட்டு வைத்தியத்தை மனுசனுக்குப் பாத்தா இப்படித்தான்" என்றாள் அவர் மனைவி சீனியம்மாள். "நாளைக்குப் புல்லும் திங்கிறீகளா?"

"வாயை மூடுடி. எரிச்சலு உசுரு போகுது."

சீனியம்மாள் பக்கத்தில் வந்து குனிந்து பார்த்தாள். அவளுக்கும் போன வாரம்தான் கண்வலி வந்து போயிருந்தது. "ஏய்யா, எனக்கெல்லாம் காலையில இமை ரெண்டும் ஒட்டிக்கிட்டு, வெந்நித் துணி வச்சுத்தான் தொறந்தேன். உங்களுக்குப் பீளையே காணோமே. தண்ணியாத்தானே வடியுது?"

"சிலருக்கு அப்படி."

"எனக்கு வெயிலப் பாத்தா கூசல. நீங்க அடுப்பு வெளிச்சத்துக்கே மூஞ்சியத் திருப்புறீக. இது வேற என்னமோ. டவுனு ஆசுபத்திரிக்குப் போங்க."

தவசி சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டார். ஆஸ்பத்திரிக்குப் போனால் நாலு பேர் பார்ப்பார்கள். பார்த்தவன் சந்தையில் போய்ச் சொல்வான். மாட்டுக்குக் கண் பார்க்கிறவனுக்கே கண் தெரியவில்லை என்று பேச்சுக் கிளம்பினால் அதற்குப் பிறகு எவன் கூப்பிடுவான்? அவருக்கு நிலம் என்று பெரிதாக ஒன்றும் இல்லை. கண்தான் நிலம், கண்தான் விளைச்சல். அந்த வலது கண்ணை மட்டும் திறந்து பார்த்தால், முற்றத்துக் கோழி வெள்ளைத் துணி மூட்டை மாதிரி நகர்ந்தது என்பதை அவர் சீனியம்மாளிடம்கூடச் சொல்லவில்லை.

வெள்ளிக்கிழமை தலைப்பாகையை நெற்றி வரைக்கும் இறக்கிக் கட்டிக்கொண்டு சந்தைக்குப் போனார். மலையாண்டி காத்திருந்தான். பக்கத்து ஊர்க்காரன், கொஞ்சம் புஞ்சையும் ஒரு கிணறும் வைத்திருக்கிறவன். தவசியை அண்ணே என்று கூப்பிடுகிறவன். அவனுடைய உழவு ஜோடியில் ஒரு காளை கோடையில் செத்துப்போயிருந்தது. ஆடிக்கு முன்னால் ஜோடி சேர்த்தாக வேண்டும்.

விருமாண்டி என்ற வியாபாரி ஒரு மயிலைக் காளையைப் பிடித்துக்கொண்டு புளியமரத்தடியில் நின்றான். பல் சரி, சுழி சரி, நடை சரி. தவசி கயிற்றைப் பிடித்து வெயிலுக்கு இழுக்கப் போனார். மர நிழலைத் தாண்டி ஒரு அடி வைத்ததும் வலது கண்ணுக்குள் யாரோ ஊசியால் குத்தியது போல இருந்தது. இடது கண்ணும் சேர்ந்து மூடிக்கொண்டது. அப்படியே பின்வாங்கி நிழலுக்கு வந்துவிட்டார்.

"என்ன தரகரே, வெயிலு ஒத்துக்கலையா?" என்றான் விருமாண்டி.

"இங்கேயே தெரியுதுல்ல" என்று சொல்லிவிட்டு, நிழலிலேயே காளையின் முகத்துக்கு நேரே கையை ஆட்டினார். காளை தலையைச் சிலுப்பியது. "வாங்கு மலையாண்டி. நல்ல மாடு."

துண்டு விழுந்தது. காளை கைமாறியது.

செவ்வாய்க்கிழமை காலையில் மலையாண்டி அந்தக் காளையைப் பிடித்துக்கொண்டு தவசி வீட்டு வாசலுக்கு வந்து நின்றான். காளையின் நெற்றியில் தோல் உரிந்திருந்தது.

"கெணத்துல தண்ணி எறைக்கக் கவலையில பூட்டுனேண்ணே. எடப்பக்கம் திரும்பச் சொன்னா நேரா கல்லுத்தூணுல போயி முட்டுது. எடது கண்ணு சுத்தமாத் தெரியலை. விருமாண்டிகிட்டக் கேட்டேன். 'ஒங்க தரகரு பாத்தாருல்ல, அவர்கிட்டப் போய்க் கேளு'ங்கிறான்." அவன் குரலில் கோபத்தைவிட வருத்தம்தான் இருந்தது. "நீ சொல்லித்தானண்ணே வாங்குனேன்."

தவசி கயிற்றை வாங்கினார். காளையை வாசல் வெயிலில் நிறுத்தி அதன் இடது கண்ணை மூடி எடுத்தார். தன் கண் கூசி நீர் கொட்டியதில் அவருக்கு எதுவும் தெரியவில்லை. மறுபடி மூடி எடுத்தார். மலையாண்டி காளையைப் பார்க்காமல் அவரையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"அண்ணே, இப்படித் திரும்பு."

அவன் எட்டித் தலைப்பாகையைத் தூக்கினான். பிறகு, சந்தையில் எத்தனையோ தடவை பார்த்த அதே மாதிரி, தவசியின் இடது கண்ணை உள்ளங்கையால் மூடிவிட்டு, மற்றக் கையை வலது கண்ணுக்கு முன்னால் நீட்டினான்.

"இது எத்தனை விரலு?"

தவசி முகத்தை முன்னால் நீட்டிப் பார்த்தார். "வெரலா அது? பனைமட்டைன்னுல்ல நெனச்சேன்" என்று சிரிக்கப் பார்த்தார். சிரிப்பு வரவில்லை.

"நான் சொன்னா கேட்டாத்தான" என்றாள் நிலைப்படியில் நின்ற சீனியம்மாள். அவள் கண் கலங்கியிருந்தது.

தவசி தொழுவத்துக்குப் போய்த் தன் வண்டிக்காளைகளில் வலப்பக்கம் பூட்டுகிற வலத்தனை அவிழ்த்துக் கொண்டுவந்து மலையாண்டி கையில் கயிற்றைக் கொடுத்தார். "இதை ஓட்டிட்டுப் போ. அந்தக் கண்ணு போனது என்கிட்ட நிக்கட்டும். ரெண்டு பேரும் சேந்து காலத்தை ஓட்டுறோம்."

"மாட்டுக் கதை அப்புறம். முதல்ல ஆசுபத்திரிக்குப் பொறப்படு" என்று மலையாண்டி கயிற்றைச் சீனியம்மாளிடம் நீட்டினான். "நானும் வாரேன். தனியா விட்டா நீ பாதி வழியில திரும்பிருவ."

திருமங்கலம் ஆஸ்பத்திரி என்பது இரண்டு அறையும் ஒரு தாழ்வாரமும்தான். டாக்டர் பத்ரிநாத் மதுரையில் சௌராஷ்டிர நெசவாளர் வீட்டுப் பிள்ளை. படித்து முடித்து இங்கே வந்து வருஷம் இரண்டு ஆகியிருந்தது. தாழ்வாரம் முழுக்கக் கண்வலிக்காரர்கள். ஒவ்வொருவராக இமையைக் கீழே இழுத்துப் பார்த்து, கழுவத் தண்ணீர் மருந்து எழுதிக் கொடுத்து, "ஒருத்தர் துண்டை ஒருத்தர் தொடாதீங்க" என்று அனுப்பிக்கொண்டே வந்தார். தவசிக்கும் அதே சீட்டைக் கிழித்துக் கொடுத்துவிடுவார், வாங்கிக்கொண்டு போய்விடலாம் என்று தவசி எண்ணியிருந்தார்.

டாக்டர் அவருடைய இமையை இழுத்தார். கொஞ்சம் குனிந்தார். பிறகு கையை எடுத்துவிட்டார்.

"எப்பலேர்ந்து?"

"ரெண்டு சந்தை ஆச்சுங்கய்யா."

"ரெண்டு கண்ணுமா, ஒண்ணா?"

"ஒண்ணுதான்."

"காலையில இமை ஒட்டுமா? பீளை உண்டா?"

"இல்லைங்கய்யா. தண்ணிதான். எம் பொஞ்சாதியும் இதையேதான் கேட்டா."

"அவங்க கேட்ட அன்னைக்கே வந்திருக்கலாம். வலி எங்கே? மணல் விழுந்த மாதிரி மேலாப்லயா, உள்ளேயிருந்தா?"

"உள்ளே. புருவத்துல ஏறி, ராத்திரியில நெத்திப்பொட்டுல அடிக்குது."

டாக்டர் எழுந்து இரண்டு பேரையும் உள்ளறைக்கு வரச் சொன்னார். சன்னல் கதவுகளைச் சாத்தினார். சுவரில் தொங்கிய எழுத்துக்களை ஒவ்வொரு கண்ணாகக் காட்டினார். தவசிக்குப் படிக்கத் தெரியாததால் விரல்களை எண்ணச் சொன்னார். இடது கண் அறையின் கோடியிலிருந்தே எண்ணியது. வலது கண்ணுக்கு டாக்டர் கைக்கெட்டும் தூரத்துக்கு வர வேண்டியிருந்தது. பிறகு கையில் பேட்டரி டார்ச்சையும் ஒரு பூதக்கண்ணாடியையும் எடுத்துக்கொண்டு மிக நெருங்கி உட்கார்ந்தார்.

"மத்தவங்களுக்கு ஓரத்துல சிவப்பு. உங்களுக்குக் கருவிழியைச் சுத்தி வளையமா, ஊதாக் கலந்த சிவப்பா இருக்கு" என்று தனக்குத்தானே சொல்வது போலச் சொன்னார். "இப்ப வலது கண்ணை நல்லாக் கையால மூடிக்குங்க."

மூடிக்கொண்டார். டாக்டர் டார்ச்சை இடது கண்ணில், அதாவது நல்ல கண்ணில், அடித்தார். தவசி 'ஸ்' என்று பின்னால் சாய்ந்தார்.

"எங்கே வலிச்சது?"

"மூடுன கண்ணுலய்யா." தவசிக்கே அது அதிசயமாக இருந்தது. "வெளிச்சம் அதுல படவே இல்லையே."

"ரெண்டு கண்மணியும் சேந்துதான் சுருங்கும். இந்தக் கண்ணு சுருங்கினா அந்தக் கண்ணும் சுருங்கப் பாக்கும். புண்ணான இடம் அசைஞ்சா வலிக்காதா?"

"ஒரே நொகத்தடியில பூட்டுன மாதிரி."

"அதேதான்" என்று டாக்டர் சிரித்தார். இமைகளை மூடச் சொல்லி, இரண்டு ஆள்காட்டி விரல்களாலும் மெல்ல அழுத்தி, கண் கல்லுப் போல இறுகியிருக்கிறதா, இளகியிருக்கிறதா என்று இரண்டையும் ஒப்பிட்டுப் பார்த்தார். மாங்காய் பழுத்ததா என்று பார்க்கிற விரல் அது. கண்ணில் அடி பட்டதா, அம்மை போட்டதா, இருமல் உண்டா, பொம்பளைச் சீக்கு ஏதாவது வந்ததுண்டா என்று கேட்டார். கடைசிக் கேள்விக்குத் தவசி மலையாண்டியைப் பார்த்துவிட்டு, "அப்படியெல்லாம் ஒண்ணுமில்லைங்கய்யா" என்றார்.

"மூட்டு வலி, இடுப்பு வலி?"

"இடுப்பு காலையில பலகை மாதிரி இருக்கும். அது வருசக்கணக்கா இருக்கு. வண்டியில போற ஒடம்பு. நாலு தெரு நடந்தா சரியாயிரும்."

டாக்டர் அதை விடவில்லை. எந்த இடம், எந்த நேரம், படுத்தால் கூடுமா, நடந்தால் குறையுமா என்று கேட்டு எழுதிக்கொண்டார். "சிலருக்கு இதுக்கும் கண்ணுக்கும் தொடர்பு உண்டு. வாயைத் தொறங்க. பல்லைப் பாக்கணும்."

தவசி மலையாண்டியைத் திரும்பிப் பார்த்தார். "டேய், பல்லைப் பாக்குறாரு. வயசு சொல்லிட்டு, அடுத்தாப்ல நடக்கவிட்டுப் பாப்பாரு. ஒண்ணும் பேசாத, வெலை கொறைஞ்சிரும்."

"சுழியைப் பாத்தாருன்னா யாரும் வாங்கமாட்டாகண்ணே" என்றான் மலையாண்டி.

சொத்தைப் பல் இரண்டு இருந்தது. பல்லில் சீழ் வைத்தாலும் கண்ணுக்குப் போகும் என்று அந்தக் காலத்து டாக்டர்கள் சொல்வார்கள். பத்ரிநாத் அதையும் எழுதிக்கொண்டார். பிறகு ஒரு சிறிய புட்டியை எடுத்தார்.

"இது சொட்டு மருந்து. விட்டதும் கண்மணி பெருசாகும், பார்வை இன்னும் மங்கும், வெளிச்சம் இன்னும் கூசும். பயப்படாதீங்க. வெளியில உக்காந்திருங்க, கொஞ்ச நேரம் கழிச்சுப் பாக்குறேன்."

வலி மண்டையைப் பிளந்துகொண்டிருந்ததில் தவசி அதைக் காதில் சரியாக வாங்கவில்லை. தாழ்வாரத்தில் கண்ணை மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். டாக்டர் மறுபடி கூப்பிட்டுக் கண்ணைப் பார்த்தபோது முகம் இறுகியது. கண்ணின் மேல் ஒரு துணியைக் கட்டிவிட்டு, உடனே உட்கார்ந்து மதுரை ஆஸ்பத்திரிக்கு ஒரு கடிதம் எழுதினார்.

"இது சாதாரணக் கண்வலி இல்லை, கருவிழி அழற்சின்னு சந்தேகப்படுறேன். எங்கிட்ட இருக்கிறது இந்த டார்ச்சும் கண்ணாடியும்தான். உள்ளே பின்பக்கம் எப்படி இருக்குன்னு எனக்குத் தெரியாது. மதுரையில கண்ணுக்குன்னு டாக்டரும் கருவியும் இருக்கு. இன்னைக்கே போய்ப் படுத்துரணும்."

"வெள்ளிக்கிழமை சந்தை முடிச்சுட்டுப் போறேங்கய்யா."

"வேண்டாம். அதுக்குள்ள கெட்டுப்போச்சுன்னா அப்புறம் யாராலயும் திருப்ப முடியாது. நான் இங்க வச்சு வைத்தியம் பாத்தா அது உங்களுக்குச் செய்யிற துரோகம்."

இரண்டு பேரும் ரயிலடிக்கு நடந்தார்கள். மலையாண்டி டிக்கெட் வாங்கப் போனான். ஸ்டேஷன் வாசல் வெற்றிலைக் கடையில் ஒரு கண்ணாடி தொங்கியது. தவசி கண்ணின் மேல் கட்டியிருந்த துணியைத் தூக்கிவிட்டு, இடது கண்ணால் தன் வலது கண்ணைப் பார்த்தார்.

கண்மணி கரேலென்று விரிந்து கிடந்தது. துணியை விலக்கியதும் வெயில் நேரே முகத்தில் அடித்தது. கண்மணி இம்மிகூடச் சுருங்கவில்லை. இந்தக் கண்ணை அவருக்குத் தெரியும். எத்தனை மாட்டில் பார்த்திருக்கிறார். இது ஊமத்தைச் சாறு விட்ட கண். சட்டென்று துணியைப் போட்டு வலது கண்ணை மூடினார். கண்ணை அவித்துவிட்டு, அது தெரியாமலிருக்கப் பளபளப்பும் ஏற்றி, மதுரைக்குத் தள்ளிவிடுகிறான் இந்த டாக்டர் என்று அவருக்குத் தோன்றியது. சந்தையில் மாட்டைத் தள்ளிவிடுகிறவனும் இதையேதான் செய்கிறான்.

டிக்கெட்டோடு வந்த மலையாண்டி, அவர் வந்த வழியே திரும்பி வேகமாக நடப்பதைப் பார்த்து ஓடிவந்தான். "எங்கண்ணே போற? ரயிலு வந்துரும்."

"வரட்டும், போகட்டும். என் கண்ணுல ஊமத்தைச் சாத்தை விட்டிருக்கான். நானா அவனான்னு பாத்துருறேன்."

டாக்டர் சாப்பாட்டுக்குக் கிளம்பிக்கொண்டிருந்தார். தவசி வாசலை மறித்து நின்றுகொண்டு, "என் கண்ணுல என்னத்த விட்டீக? ஊமத்தையா?" என்றார்.

அந்தக் குரலைக் கேட்டுக் கம்பவுண்டர் எழுந்து வந்தார். டாக்டர் அவரைக் கையமர்த்தினார். அவருக்குக் கோபம் வந்த மாதிரி தெரியவில்லை, யோசனைதான் வந்தது.

"ஊமத்தை இல்லை. ஆனா குணத்துல அதுக்குத் தங்கச்சிதான். எப்படிக் கண்டுபிடிச்சீங்க?"

தவசி சொன்னார். டாக்டர் முழுவதையும் கேட்டார். பிறகு உள்ளே போய்த் தான் சவரம் செய்கிற கண்ணாடியைக் கொண்டுவந்து தவசி கையில் கொடுத்து, சன்னல் ஓரமாக உட்கார வைத்தார். "முதல்லயே உங்களுக்குக் காட்டியிருக்கணும். எழுதிக் கொடுத்தாப் போதும்னு நெனச்சுட்டேன். நீங்க மாட்டுக்குப் பாக்குற மாதிரியே பாருங்க. மருந்து விட்ட கண்மணி எப்படி விரியும்?"

"உருண்டையா விரியும்."

"இது உருண்டையா இருக்கா?"

தவசி கண்ணாடியை மூக்குக்கு அருகே கொண்டுவந்தார். வெற்றிலைக் கடையில் கோபத்தில் பார்க்காமல் விட்டதை இப்போது பார்த்தார். கறுப்பு வட்டம் மேலேயும் பக்கவாட்டிலும் நன்றாக விரிந்திருந்தது. கீழே இரண்டு இடத்தில் மட்டும் விரியாமல் உள்ளே இழுத்துக்கொண்டு, ஓரம் கிழிந்த இலை போல நின்றது. அவர் வெகு நேரம் பார்த்தார்.

"கீழ ரெண்டு எடத்துல எதோ இழுத்துப் புடிச்சிருக்கு. முள்ளுல துணி மாட்டுன மாதிரி."

"அதைப் பாக்கத்தான் மருந்து விட்டேன். எங்க வீட்ல தறி. பாவுக்குக் கஞ்சி போட்டுக் காயவைக்கும்போது இழையோட இழை ஒட்டிக்கும். ஈரம் இருக்கும்போதே பிரிச்சு விட்டாத் தனித்தனியா வந்துரும். காஞ்சுட்டா அறுந்துதான் வரும். உங்க கண்ணுக்குள்ள இப்ப அந்த மாதிரி கஞ்சி வடியுது. கருவிழித் திரை பின்னால இருக்கிற கண்ணாடி மாதிரி வில்லையில ஒட்டப் பாக்குது. மருந்து இழுத்துப் பிரிக்குது. முக்கால்வாசி பிரிஞ்சிருச்சு. அந்த ரெண்டு இடம் இன்னும் ஈரமா, காஞ்சு போச்சான்னு எனக்குத் தெரியலை. அவங்களுக்குத் தெரியும்."

தவசி கண்ணாடியை இறக்கவில்லை.

"இந்த மாதிரிக் கண்ணோட ஒரு மாடு வந்தா நான் வாங்காதேன்னு சொல்லிருவேங்கய்யா."

"நான் அப்படிச் சொல்லலை. வைத்தியம் பாத்துட்டு வாங்குங்கன்னு சொல்றேன்."

தூரத்தில் ரயில் ஊதிவிட்டுப் போகிற சத்தம் கேட்டது. மலையாண்டி தலையில் கை வைத்துக்கொண்டான். "டிக்கெட்டு போச்சு."

"சாயங்காலம் ஒண்ணு இருக்கு" என்றார் டாக்டர். "அதை விட்டீங்கன்னா நானே வந்து ஏத்திவிடுவேன்." போகும்போது கடிதத்தை வாங்கிப் பிரித்து, கீழே இன்னும் இரண்டு வரி சேர்த்தார். என்ன எழுதினீர்கள் என்று தவசி கேட்டதற்கு, "'இவர் கண்ணைப் பத்தி விவரம் தெரிஞ்சவர். செய்யிறதை இவருக்குக் காட்டிச் செய்யவும்'னு எழுதினேன்" என்றார்.

சாயங்கால ரயில் கிளம்பும் வரை இருவரும் ஸ்டேஷன் வேப்பமரத்தடியில் உட்கார்ந்திருந்தார்கள். தவசிக்கு இன்னும் ஒரு காரியம் பாக்கி இருந்தது. ரயில் வந்து நின்று, ஏறி உட்கார்ந்த பிறகு, சன்னல் வழியே மலையாண்டியின் கையைப் பிடித்தார்.

"நீ திரும்பிப் போ. போகும்போது அந்த வலத்தனை ஓட்டிக்கிட்டுப் போயிரு. மதுரையில சீனியோட தம்பி மருது சிம்மக்கல்லுல மூட்டை தூக்குறான், அவன் பாத்துக்குவான். நீ வெள்ளிக்கிழமை சந்தைக்குப் போ. விருமாண்டி இருக்கணும், எல்லாரும் இருக்கணும். துண்டு விழுகிறதுக்கு முந்தி சொல்லு. தவசிக்கு வலது கண்ணு தெரியலை, அதை மறைச்சுக்கிட்டு அந்தக் காளையைப் பாத்தான், அதுதான் தப்பாப் போச்சு, இப்ப வைத்தியத்துக்குப் போயிருக்கான்னு சொல்லு."

"எதுக்குண்ணே? நீ சரியாகி வந்துட்டா யாருக்குத் தெரியப்போகுது?"

"எனக்குத் தெரியும்ல."

மலையாண்டி தலையை ஆட்டினான். ரயில் நகர்ந்தது. திருப்பரங்குன்றம் வந்தபோது தவசி துணியை விலக்கி, இடது கண்ணை மூடிக்கொண்டு வலது கண்ணால் மட்டும் மலையைப் பார்த்தார். சாம்பல் குவித்த மாதிரி ஏதோ இருந்தது. எங்கே மலை முடிகிறது, எங்கே வானம் தொடங்குகிறது என்று தெரியவில்லை.

மதுரை ஆஸ்பத்திரியில் ஆடி பாதி வரைக்கும் இருந்தார். கண்ணில் சொட்டு மருந்து, வெந்நீர் ஒத்தடம், குடிக்க ஒரு கசப்புத் தண்ணீர். சொத்தைப் பல் இரண்டையும் பிடுங்கினார்கள். அந்தப் பெரிய கண் டாக்டர் கடிதத்தைப் படித்துவிட்டுச் சிரித்தார். மருந்து விடுகிற நாளெல்லாம் ஒரு கண்ணாடியைக் கையில் கொடுத்துப் பார்க்கச் சொன்னார். ஒருநாள் காலையில் கீழே இருந்த இரண்டு இழுப்பில் ஒன்று விட்டுப்போயிருந்ததைத் தவசியேதான் முதலில் பார்த்துச் சொன்னார். மருது கஞ்சித் தூக்கோடு வந்தபோது, "இன்னும் ஒண்ணுதாண்டா" என்றார். அந்த இன்னொன்று விடவில்லை. அது காய்ந்த இழை. ஆனால் அதைச் சுற்றி மூட்டம் கலைந்துகொண்டே வந்தது. மருது முகத்தில் இருந்த அம்மைத் தழும்பு ஒரு நாள் திடீரென்று தெரிந்தது.

அனுப்பும்போது கண் டாக்டர் சொன்னார்: "இது திரும்பவும் வரலாம். வந்தா சந்தை கிந்தைன்னு பாக்காதீங்க. சிவந்த அன்னைக்கே பத்ரிநாத்கிட்டப் போங்க. அவர் சீக்கிரம் அனுப்பினதுனாலதான் இந்த மட்டும் தப்பிச்சுது."

திரும்பி வந்த ரயிலில் மறுபடி மலையைப் பார்த்தார். பாறை தெரிந்தது, பாறையின் மேல் வெயில் தெரிந்தது. ஓரத்தில் மட்டும் கொஞ்சம் எண்ணெய்க் கறை போல ஒரு மங்கல்.

அடுத்த வெள்ளிக்கிழமை சந்தைக்குப் போக இறங்கியபோது சீனியம்மாள், "தலைப்பாகையை மேல ஏத்திக் கட்டுங்க" என்றாள். கட்டிக்கொண்டார். மலையாண்டி சொல்லிவிட்டான் என்று தெரியும். கேட்டவர்கள் என்ன நினைத்தார்கள் என்றுதான் தெரியாது.

புளியமரத்தடியில் விருமாண்டி இருந்தான். அவனைச் சுற்றி ஏழெட்டுப் பேர். எல்லோரும் அவர் கண்ணையே பார்த்தார்கள். பிறகு சாத்தங்குடியிலிருந்து வந்திருந்த ஒரு சம்சாரி, "தரகரே, ஒரு ஜோடி பாத்திருக்கேன். வந்து பாக்குறீகளா?" என்றார்.

"பாக்குறேன். அதுக்கு முந்தி ஒண்ணு." தவசி எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னார். "வலது கண்ணுல கீழ் ஓரம் மங்கல். அது இனிப் போகாது. மத்தபடி தெரியுது. சீக்கு திரும்ப வந்தா அந்தச் சந்தைக்கு வரமாட்டேன், வேற ஆளைப் பாத்துக்குங்க. இப்பவே சொல்லிட்டேன்."

"சொல்லி விக்கிற மாட்டைத் திருப்ப முடியாதேப்பா" என்றான் விருமாண்டி, பக்கத்திலிருந்தவனைப் பார்த்து. கூட்டத்தில் இரண்டு பேர் சிரித்தார்கள். சம்சாரி கயிற்றை நீட்டினார்.

தவசி முதல் மாட்டைப் பிடித்து நிழலிலிருந்து வெளியே இழுத்து வந்தார். ஆடிக் காற்று தூசியைக் கிளப்பிக்கொண்டிருந்தது. வெயில் நேராக முகத்தில் விழுந்தது. கண் கொஞ்சம் கூசியது, பொறுக்கிற அளவுதான். மாட்டின் கண்ணை உள்ளங்கையால் மூடி, எடுத்தார். கண்மணி ஒரு நொடியில் உள்வாங்கியது. ஓரம் பிசகாமல், ஒழுங்காக.

"சரியா இருக்கு" என்றார்.

மலையாண்டி கூட்டத்துக்குப் பின்னாலிருந்து தலையை நீட்டினான். "ஏண்ணே, பல்லுல ரெண்டு கொறையுதே. அதை ஏன் சொல்லாம விட்ட?"

தவசி வாயைத் திறந்து காட்டினார்.